நாலாவது கேமரா

“ஒரு பூனை உள்ள வந்தாக்கூட எனக்குத் தெரியணும்” என்றார் கோவிந்தப்பன்.

அவர் கையில் ஸ்கேல் வைத்துப் போட்ட வீட்டுப் படம் ஒன்று இருந்தது. நாலு இடத்தில் சிவப்பு மையில் வட்டம். கேமரா மாட்ட வந்திருந்த காலித் அதை வாங்கிப் பார்த்தான். முன் கேட், போர்ட்டிகோ, பக்கத்துச் சந்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார்.

ஓசூரில் அப்போதெல்லாம் கேமரா என்றால் கம்பெனிகளில்தான். வீட்டுக்கு மாட்டுவது காலித்துக்கு இது மூன்றாவது தடவை. ஒரே மாதத்தில் இந்தத் தெருவில் இரண்டு வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள். அடுத்த தெருவில் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோவிந்தப்பன் சிப்காட் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகக் குவாலிட்டி பிரிவில் இருப்பவர். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர். அன்று லீவு போட்டுவிட்டு ஏணிக்கடியிலேயே நின்றார்.

“திருட்டுப் பயம் ஜாஸ்தியாயிடுச்சு, இல்ல சார்?” என்று பேச்சுக்குக் கேட்டான் காலித்.

“திருடன்னு இல்ல. இந்த வீட்டுக்குள்ள யாரு வரலாம், யாரு வரக் கூடாதுன்னு நான் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. அதுல மாத்தமில்ல.”

உள்ளே வரைக்கும் கேட்கும்படிதான் சொன்னார். சமையலறையில் ஒரு பாத்திரம் ‘ணங்’கென்று வைக்கப்பட்டது.

மத்தியானத்துக்குள் மூன்று கேமராக்கள் ஏறிவிட்டன. நாலாவதை மாட்டும்போது அவருடைய செல் அடித்தது. கம்பெனியிலிருந்து. சிக்னலுக்காக, கன்னடத்தில் பேசிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் அவர் மனைவி பவளம் மோர் டம்ளரோடு பின்பக்கம் வந்தாள்.

“தம்பி, இது எது வரைக்கும் பாக்கும்?”

“மோட்டாரு, தொட்டி, அந்தச் சின்ன கேட்டு எல்லாம் தெரியும்மா. கேட்டுக்கு வெளிய யாரு வந்தாலும் தெரியும்.”

“கேட்டு தெரிய வேணாம்.”

காலித் ஏணியிலிருந்து கீழே பார்த்தான். அவள் டம்ளரை நீட்டினாள்.

“எனக்கு ஒரே பொண்ணு, மோகனப்ரியா. கூட வேலை பாத்த பையனக் கட்டிகினா. அன்னைக்கே இவரு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. பக்கத்துல, மத்திகிரியிலதான் இருக்கறா. புதன்கிழமையில இவரு டூட்டிக்குப் போனப்பறம், கைப்புள்ளயத் தூக்கிகினு இந்த வழியா வருவா. ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிடுவா. எட்டு மாசமா அப்பிடித்தான் ஓடுது.”

“சாருக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். முன்னெல்லாம் இந்தக் கேட்டைத் தெறந்தா தெருவே திரும்பிப் பாக்கும். எங்க நல்ல நேரம், கொஞ்ச நாளா சத்தமே காணோம்.”

காலித் இறங்கி, மோரைக் குடித்துக்கொண்டே கேட்டைத் தள்ளிப் பார்த்தான். கிரீஸ் போட்ட கீல் வழுக்கிக்கொண்டு திறந்தது.

“சார் கேட்டா நான் என்னம்மா சொல்றது?”

“எதையாவது சொல்லு தம்பி. எனக்கு அந்த ஒரு மணி நேரந்தான் இருக்குது.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பவளம் காலி டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். காலித் ஏணியில் ஏறி, கேமராவைச் சுவர்ப் பக்கமாக இரண்டு விரற்கடை திருப்பி, திருகை முடுக்கினான்.

நாலு மணிக்கு டிவியில் படம் வந்தது. திரை நாலு கட்டமாகப் பிரிந்திருந்தது. கோவிந்தப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்பெனியில் சரக்கைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். முன் கேட், சரி. போர்ட்டிகோ, சரி. சந்தும் சரி. நாலாவது கட்டத்தில் மோட்டாரும் தொட்டியும் பாதிச் சுவரும் தெரிந்தன.

“பின் கேட்டு எங்க?”

சமையலறை வாசலில் நின்ற பவளம் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த லென்சுக்கு அவ்ளோதான் சார் வரும்” என்றான் காலித்.

“அவ்ளோதான்னா?”

“சுவரு மறைக்குது.”

“மறைக்குதா, மறைச்சு வெச்சிருக்கியா? இத்தன வருஷமா குவாலிட்டியில இருக்கறேன், எங்கிட்டயேவா?” அவர் எழுந்தார். “ஏணிய எடு. பவளம், நீ போயி எங்க ரெண்டு பேருக்கும் காபி போடு.”

பவளம் காலித்தைப் பார்த்தாள். காபி போட உள்ளே போனாள்.

காலித் ஏணியைப் பின்பக்கச் சுவரில் சாத்தி ஏறினான். கேட்டைக் காட்டும்படி திருப்பிவிட்டால் அந்த அம்மாவின் புதன்கிழமை போய்விடும். திருப்ப முடியாது என்றால் அவனுடைய தொழில் போய்விடும். உண்மையைச் சொல்லி, அவளுக்காக இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

“சார், ஒரு விசயம். தப்பா நெனைக்காதீங்க...”

கோவிந்தப்பன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். திரும்பி, சமையலறை ஜன்னலில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஏணியில் ஒரு படி ஏறி, குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் ரெண்டு விரல் அந்தப் பக்கம் திருப்பு. தொட்டி ஓரமா என் பேத்தி தலை தெரிஞ்சுதுன்னா, அப்பறம் நான் ஏன்னு கேட்டாகணும்.”