முந்திரி அடைக்குமா?

"ஏனுங்க தம்பி, இந்த மெஷின் வாந்தியை உறிஞ்சுமா?"

இமானுவேல் திருதிருவென்று விழித்தான். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று எத்தனையோ இடத்தில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் விற்றவன். எடுத்த எடுப்பிலேயே யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"தண்ணி, சேறு, எண்ணெய் எல்லாத்தையும் உறிஞ்சும்க்கா."

"அதெல்லாம் கெடக்கட்டுங்க. வாந்தி?"

கேட்டவள் கலைமணி. மலை மேலே செம்மேட்டில் வண்டி கழுவும் ஷெட் வைத்திருக்கிறாள். கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் பாட்டும் கூத்துமாகக் கிளம்புகிற டூரிஸ்ட் கூட்டம், முப்பதாவது வளைவில் பாட்டை நிறுத்தும், ஐம்பதாவதில் கண்ணை மூடும், அறுபதாவதில்... சரி, அதை விடுங்கள். மேலே வந்து சேர்ந்ததும் அருவிக்கு வழி கேட்கிறவர்களைவிடக் கலைமணி ஷெட்டுக்கு வழி கேட்கிறவர்கள்தான் அதிகம்.

அவளுடைய பழைய மெஷின் போன வாரம் புகைந்து உயிரை விட்டது. நாளை மறுநாள் ஆடிப் பதினெட்டு. வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதற்குள் உழைக்கிற மெஷினாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். இமானுவேலின் பாடு அதைவிட மோசம். மூன்று மாதமாக ஒன்றுகூட விற்கவில்லை. "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா, நாளைக்கு வரவே வேண்டாம்" என்று சேலத்திலேயே மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"டேங்க் ஸ்டீலுங்களா, பிளாஸ்டிக்குங்களா?"

"ஸ்டீல்க்கா. துருவே பிடிக்காது."

"தண்ணி ரொம்பி மோட்டாருக்குள்ள போயிருச்சுன்னா? பழசு அப்படித்தானுங்க செத்துச்சு."

"போகாதுக்கா. உள்ள ஒரு பந்து இருக்குது. தண்ணி ஏற ஏற அதுவும் ஏறி வழியை அடைச்சுக்கும்."

"குழாய் இத்தினி ஒல்லியா இருக்குதே, முந்திரி அடைக்குமா?"

"முந்திரியா?"

"முழு முந்திரிங்க. மிளகும் வரும்."

இமானுவேல் அசரவில்லை. தரையில் தண்ணீரை ஊற்றி உறிஞ்சிக் காட்டினான். டீயை ஊற்றிக் காட்டினான். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை ரசத்தில் பிசைந்து கொட்டி, அதையும் காட்டினான். கலைமணி உதட்டைப் பிதுக்கினாள்.

"கையில கரைச்சது வேற, வயித்துல கரைஞ்சது வேறீங்க தம்பி. நெசமான சரக்குல ஓட்டிக் காட்டுங்க, வாங்கிக்கறேன்."

"அதுக்கு இப்ப நான் எங்கக்கா போவேன்?"

அன்றைக்கென்று பார்த்து ஒரு டூரிஸ்ட் வண்டியும் வரவில்லை. பதினொரு மணி பஸ் வந்தது. இறங்கியதெல்லாம் மலை மேலேயே வாழும் வளப்பூர் நாட்டு ஆட்கள். எழுபது வளைவும் அவர்களுக்குத் தொட்டில் ஆட்டின மாதிரி. சுகமாகத் தூங்கி எழுந்து, சந்தை மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாழாய்ப்போன இந்த ஊரில் ஒருத்தராவது வாந்தி எடுக்கக் கூடாதா என்று இமானுவேல் கர்த்தரிடமே முறையிட்டான்.

கம்பெனி கார் டிரைவர் செல்வம் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தான். மூக்கில் கைக்குட்டை. மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"சார், நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"டேய், வாயை மூடுடா!"

"மூக்கை மூடிக்கிட்டுத்தான் சார் நாப்பது வளைவு ஓட்டிட்டு வந்தேன்."

கலைமணி தள்ளி நின்ற காரை எட்டிப் பார்த்தாள். நாலு கதவும் விரியத் திறந்து கிடந்தது. "அட, என் சாமி!" என்று அவள் முகம் மலர்ந்தது.

இமானுவேலுக்கு மானம் போயிற்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்.

"அடிவாரத்து மெஸ்ல சாப்பிட்டேன்க்கா. ஒரு தட்டு போதும்னு கும்பிட்டேன். அந்த அண்ணன் விடவே இல்ல. 'வெறும் வயித்தோட யாரையும் மலை ஏத்தக் கூடாதுன்னு எங்க ஊட்டுக்காரி கண்டிசனாச் சொல்லியிருக்கறா'ன்னு இன்னொரு தட்டு வெச்சாரு. அதுக்கு மேல பாயாசம் வேற. தங்கமான மனுசன், அவரைக் குத்தம் சொல்லக் கூடாது."

"நெய்ப் பொங்கல்தானுங்களே?"

"எப்படிக்கா பாக்காமலே சொல்றீங்க?"

"எல்லாம் அனுபவந்தானுங்க தம்பி. மெஷினை எடுத்துட்டு வாங்க."

மெஷின் உறுமியது. சீட்டு, மிதியடி, கதவிடுக்கு, ஒரு இண்டு இடுக்கு விடவில்லை. முழு முந்திரிகள் கடகடவென்று குழாய்க்குள் ஓடின. மிளகு பின்னாலேயே போனது. எதுவும் அடைக்கவில்லை, புகையவில்லை. கலைமணி சீட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"ரெண்டு மெஷின் எழுதிக்குங்க."

"ரெண்டா? இது ஒண்ணே பல வருசம் உழைக்கும்க்கா. உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல."

"இனி லோடு கூடுமுங்க. எழுதுங்க, சொல்றேன்."

இமானுவேலுக்கு வேலை தப்பியது. அக்கா, அக்கா என்று பத்து தடவை கும்பிட்டான். இறங்கும்போது மோந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்பினாள் கலைமணி. இப்படியும் மலையில் நல்லவர்கள் இருக்கிறார்களே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் மறைந்ததும் கலைமணி போனை எடுத்தாள்.

"ஏனுங்க மாமா, நீங்க வெச்சு அனுப்புன ரெண்டு தட்டும் பத்திரமா வந்து சேந்துச்சு. மெஷின் முந்திரிக்கே அசையலீங்க. ஆடிப் பதினெட்டுக்குப் பயமில்ல, நம்ம மெஸ்ஸுல பொங்கலுக்கு நெய் இன்னொரு கரண்டி சேத்து ஊத்துங்க!"