மாப்பிள்ளை ஏறினால் நிற்கும் வண்டி

கண்மாய்க் கரையில், போன வாரம் நின்ற அதே வேப்பமரத்துக்குப் பக்கத்தில், வண்டி மறுபடியும் நின்றது.

மேலே உட்கார்ந்திருந்தவர் விஜயபாண்டி. ராஜபாளையத்து மாப்பிள்ளை. இன்னும் தாலி கட்டவில்லை. வண்டியை மட்டும் முன்கூட்டியே எடுத்துப்போக வந்திருந்தார்.

வண்டி மணப்பெண் மாரிசெல்வியுடையது. மண்ணிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த, உயரமான, இரைச்சலான மோட்டார் சைக்கிள். ஜீப்பே யோசிக்கிற மலையடிவாரப் பாதையில் அதில்தான் அவள் மாந்தோப்புக்குப் போய்வருவாள். சேற்றுப் பந்தயங்களில் அவள் ஜெயித்த கோப்பைகளை வீட்டில் டிவிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் படாதபடி.

தங்கமான இடம் என்று அம்மா சொன்னபோது அவளும் சரியென்று தலையாட்டியிருந்தாள். அப்போது வண்டியைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

நிச்சயத்தன்றுதான் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வண்டி ஓட்டக் கூடாது. குடும்ப கௌரவம்.

அந்தக் கௌரவத்துக்கு வண்டியின் மேல் கோபம் எதுவும் இல்லை. "வித்துராதீங்க மாமா, நானே ஓட்டிக்கிடுதேன்" என்று விஜயபாண்டி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

"தாராளமா கொண்டு போங்க மாப்ளே" என்றார் மாரிசெல்வியின் அப்பா கண்ணுச்சாமி. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாப்பிள்ளை வ. புதுப்பட்டிக்கு பஸ்ஸில் வருவார். கறிச்சோறு சாப்பிடுவார். வண்டியை எடுப்பார். அதுவும் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பும். கண்மாய்க் கரை வந்ததும் இருமும், விக்கும், படுத்துவிடும்.

முதல் ஞாயிறு, கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்து, பிளக்கில் கோளாறு என்று கண்டுபிடித்தார். பிளக் மாற்றினார்கள். அடுத்த வாரம் கார்புரேட்டரில் அழுக்கு. கழற்றிக் கழுவினார்கள். அதற்கடுத்து இன்னும் நீளமான வீடியோ பார்த்துவிட்டு, சூடானதும் இக்னிஷன் காயில் செத்துப்போகிறது என்றார். புதுக் காயிலும் வந்தது.

ஒவ்வொரு முறையும் கண்ணுச்சாமி தண்ணீர் பாட்டிலோடு மொபெட்டில் பின்னாலேயே வந்துவிடுவார். "நீங்க செத்த நேரம் நிழல்ல உக்காருங்க மாப்ளே" என்று அனுப்பிவிட்டு, குனிந்து எதையாவது தட்டிப் பார்ப்பார். உதைப்பார். கிளம்பிவிடும். ஆனால் அதற்குள் மாப்பிள்ளைக்கு ராஜபாளையம் வரை அதில் போகும் துணிச்சல் வற்றியிருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

வத்திராயிருப்பு மெக்கானிக் இருளப்பசாமி வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. சாமி குற்றமாக இருக்கலாம் என்றார்.

அம்மா கனகலட்சுமிக்கு சாமியும் தேவைப்படவில்லை. "ஏட்டி, நீதான என்னமோ பண்ணுத? வந்த சம்பந்தத்தைக் கெடுத்துராத."

மாரிசெல்வி ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. தன்னைவிட இந்த இரும்புக்கு ரோஷம் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று கண்ணுச்சாமி அவளையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

விஜயபாண்டி இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பொம்பள ஓட்டுன வண்டி மாமா. இன்ஜினே கெட்டுப்போச்சு. எனக்கு வேண்டாம்."

இறுதித் தீர்ப்பு. இதற்கு வீடியோகூடத் தேவைப்படவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்றார் கண்ணுச்சாமி.

கிருஷ்ணன்கோவில் பக்கம் போன ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி மாப்பிள்ளை ஏறினார். வண்டியிடமாவது டயரில் ஒரு உதை கொடுத்து விடைபெற்றார். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

மாரிசெல்வி வண்டியருகே குந்தினாள். பிளக் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்படியே விரலை மேலே கொண்டுபோனாள்.

டேங்குக்கு அடியில் பெட்ரோல் டேப் மூடியிருந்தது.

மூடினாலும் கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். வீட்டிலிருந்து கண்மாய்க் கரை வரைக்கும் ஓடும். பிறகு யாராவது குனிந்து திறந்துவிட்டால், ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். மாப்பிள்ளையின் புது மாடல் பைக்கில் இப்படி ஒரு டேப்பே கிடையாது. அவர் பார்த்த வீடியோக்களில் இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

கண்ணுச்சாமி கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரே இல்லாத கண்மாயில் பார்க்க அவருக்கு ஏதோ இருந்தது.

"வண்டிய வேண்டாம்னுட்டாரு" என்றார் கடைசியில். "ஆளையும் வேண்டாம்னு சொல்ல வைக்கணுமா? சொல்லுத்தா, என்னமாவது பண்ணிப் பாக்கேன்."

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. டேப்பைத் திறந்தாள். பெட்ரோல் இறங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. ஆட்டோ போன பக்கம் திருப்பினாள்.

"அவிய எதுக்குப்பா சொல்லணும்? நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

கண்ணுச்சாமி மொபெட்டை ஓரமாகத் தள்ளி வழி விட்டார்.