இலவச வாசல் துளிர்த்தது

எங்கள் தரும ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுப் பணம் நின்றுபோனது. சொந்தக் காலில் நிற்காவிட்டால் ஆறு மாதத்தில் மூட வேண்டியதுதான். யோசனை சொல்ல வந்த வேதவல்லி மேடம் இரண்டு வாசல் வைக்கச் சொன்னார். ஒன்றில் கட்டணம், ஒன்றில் இலவசம். உள்ளே ஒரே டாக்டர். வசதியுள்ளவர்கள் தருவதில் இல்லாதவர்களுக்கும் வைத்தியம் நடந்துவிடும்.

முதல் நாளே ஊர் மொத்தமும் கட்டண வாசலில் நின்றது. இலவச வாசலை யாரும் தொடாததால், பச்சைப் பூவரசில் செய்த அதன் நிலைக்கால் துளிர்த்துக் கிளைவிட்டது. நான் பொய் சொல்வதில்லை. வாட்ச்மேன் என்ற முறையில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

பிரசவத்துக்கு வந்த மாடத்தி கட்டண வாசலில் பூசணிக்காயோடு நின்றாள்.

"அந்தப் பக்கம் போம்மா, காசு வேண்டாம்" என்றார் மேடம்.

"ஓசியில பொறந்தவன்னு எம்புள்ளைய நாளைக்கு எவனாச்சும் சொல்லுவான். நீங்க வந்து சண்ட போடுவீகளா?"

மேடம் பூசணிக்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிள்ளையோடு புறப்பட்டவள் ரசீது கேட்டாள். 'பூசணிக்காய் ஒன்று. பாக்கி இல்லை' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார் மேடம். மாடத்தி அதைப் பிள்ளையைச் சுற்றிய துணிக்குள் செருகினாள்.

அந்த நேரம் பார்த்து ரைஸ்மில் சண்முகவடிவேல் காரில் வந்து இறங்கி, கிளைகளை விலக்கிக்கொண்டு இலவச வாசலில் நுழைந்தார். எதிரே மாடத்தி.

"என்ன மொதலாளி, மில்லு ஓடலையா?" நிஜமான கவலையோடுதான் கேட்டாள்.

அவர் வெளியே வந்து கட்டண வரிசையின் கடைசியில் நின்றார். தலையில் ஒரு பூவரசிலை ஒட்டியிருந்தது. வரிசையில் ஒருவரும் அதை அவரிடம் சொல்லவில்லை.