ஒரே எழுத்து, இரண்டு சொல்

லீவு போட்டிருந்த அன்றும் வளர்மதி குன்னம் நூலகத்தைத் திறந்தாள். ஒரே ஒரு சொல்லைப் பார்க்க வேண்டியிருந்தது.

சபலம்.

நேற்று போனில் அண்ணன் சாமிக்கண்ணு சொன்ன சொல் அது. "நாப்பத்தெட்டு வயசுல வர்றதுக்குப் பேரு ஆசை இல்ல வளரு, சபலம்."

இருபத்து மூன்று வருஷமாக ஊருக்கே புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், தனக்கென்று இன்றைக்குத்தான் பெரிய அகராதியை இறக்கினாள்.

வாசலில் அறிவரசன் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெங்காயக் காட்டிலிருந்து நேரே பேப்பர் படிக்க வருகிற மனுஷர், இன்று தேய்த்த வெள்ளைச் சட்டை. நான்கு வருஷமாகத் தினமும் அதே நாற்காலி. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று வாயைத் திறந்து கேட்டதென்னவோ போன மாசம்தான்.

அவள் விரல் சொல்லைத் தொட்டது.

சபலம்: மனம் அசைதல், உறுதியின்மை. வடமொழியில் 'சபல' என்றால் ஓரிடத்தில் நில்லாமல் துடிப்பது. மின்னலுக்கு அதனால்தான் சபலை என்று பெயர்.

மின்னல் என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. அண்ணன் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

மூடப் போனவள் அடுத்த வரியைப் பார்த்தாள். அதே எழுத்து. ஆனால் வேறு சொல், வேறு பிறப்பு.

சபலம்: ச, பலம். பலனோடு கூடியது. கைகூடியது.

இன்னொரு தடவை படித்தாள். மூன்றாம் தடவை வாய்விட்டே படித்தாள்.

அகராதியை மூடாமலே அரியலூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னது சரிதாங்க. அகராதியில பாத்துட்டேன். இது சபலந்தான்."

மறுமுனையில் நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்பாடா! இப்பவாவது புரிஞ்சுதே. மனசு தெளிஞ்சுதா?"

"நல்லா தெளிஞ்சுடுச்சு. பதினோரு மணிக்குப் பெரம்பலூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வாங்கண்ணே. ரெண்டு சாட்சி வந்துட்டாங்க. மூணாவது கையெழுத்து நீங்கதான் போடணும்."

  

அண்ணனின் குரல் எழுந்தது. அவளிடம் இல்லை, வீட்டுக்குள் அண்ணியைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி:

"ஏய், என் பட்டு வேட்டிய எங்கடி வெச்ச?"