இடுக்கில்லாத மூடி

மனைவி கனகவல்லியின் அஸ்திக் கலயத்தோடு பேராசிரியர் மாசிலாமணி அணைக்கரைக்கு வந்தபோது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீரே தெரியவில்லை. ஒன்றோடொன்று இடுக்கில்லாமல் கோத்த சூரியத் தகடுகள்தான் மிதந்தன. ஒரு சொட்டுகூட ஆவியாகிவிடக் கூடாது என்று, வேலைக்காலம் முழுக்க உழைத்து அவர் வடிவமைத்த மூடி அது. ஆறு, குளம், ஏரி எல்லாம் இப்போது அதற்கு அடியில்தான் கிடந்தன.

"ஒரு தகட்ட மட்டும் தூக்க முடியுமாப்பா?"

காவலாளி பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "தூக்குற மாதிரி நீங்க வைக்கலையே சார். கடல்ல கரைச்சிருங்களேன்."

"அவ நீச்சல் படிச்சது இந்தத் தண்ணியிலதான்."

மாசிலாமணி கலயத்தின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். பிறகு கரையோரத் தகட்டின் மேல் சாம்பலைக் கொட்டினார். ஓரமாகக் கொஞ்சமாவது உள்ளே இறங்காதா என்று பார்த்தார். இறங்கவில்லை.

தகட்டில் தூசி படிந்தால் தானாக ஓடிவரும் துடைப்பு வண்டி ஒன்று உண்டு. அதுவும் அவர் வடிவமைத்ததுதான். அது வந்து, சாம்பலைத் தன் பைக்குள் உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் போனது.

"அந்தப் பை எங்க போகும்?"

"நெறஞ்சதும் லாரி வரும் சார். செங்கல் சூளைக்குக் கொண்டு போயிருவாங்க."

மாசிலாமணி குனிந்து தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"நல்லாத்தான் துடைக்குது," என்றார்.