திரும்பி ஏறியவர்

ரயில் நிலையப் படிக்கட்டு நெரிசலில் கணவர் அமலன் இறந்து நாற்பது நாள் கழித்து, கூட்டங்களின் அசைவை ஆராயும் இயற்பியலாளர் தமயந்தி வேலைக்குத் திரும்பினாள். வேண்டாமென்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் அந்த நெரிசலின் கேமராப் பதிவையே ஆராய எடுத்துக்கொண்டாள். திரையில் ஒவ்வொரு ஆள் மேலும் கணினி இட்ட ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் இறங்கிக்கொண்டிருக்க, வாசலுக்கே வந்துவிட்ட ஒன்று மட்டும் திரும்பி மேலே ஏறியது. அந்த இடத்துக் காட்சியைப் பெரிதாக்கினாள். அமலனின் நீலச் சட்டை. மணி ஆறு நாற்பத்திரண்டு. அப்போதுதான் அவள் போனில், "ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில ரொட்டி வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லியிருந்தாள்.

"இந்தப் புள்ளி ஏன் திரும்புச்சுன்னு தெரியல மேடம். காரணமில்லாத அசைவுன்னு அறிக்கையில போட்டுடலாமா?" என்றார் உடன் வேலை செய்யும் தாவூத்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"காரணம் இருக்கு. அவருக்கு ஒரு போன் வந்துச்சு."

தாவூத் அதை அப்படியே தட்டச்சு செய்தார்.