வெல்டர் வீட்டுச் சண்டை

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க? நானும் எத்தனை மாசம்தான் ஒத்தையா கத்திக்கிட்டே இருக்கிறது?”

நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்ற பாஸ்டரம்மா, கதவைத் தட்டத் தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். வெல்டர் பெண்டாட்டியின் குரல்தான். குளியலறைப் பக்கமிருந்து வந்தது, கூடவே துணி கசக்கும் சத்தமும்.

அட, இதென்ன அநியாயம்! அந்த மனுஷன் வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் கிடக்கிறார். நாளைக்கு மூன்றாவது ஆபரேஷன். இதுவும் பலிக்காவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

விபத்துக்கு அப்புறம் அவள் ஆலயத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை. கேட்டால், தையல் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பாள். ‘அவ விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டா’ என்று சபையில் ஒரே பேச்சு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, ஆபரேஷனுக்கு ஒரு ஜெபமும் பண்ணிவிட்டுப் போகலாம் என்றுதான் பாஸ்டரம்மா வந்திருந்தார்.

உள்ளதைச் சொன்னால், பாஸ்டரம்மாவுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கியாகிவிட்டது. எல்லா வீட்டிலும் அதே ஜெபம், அதே வார்த்தைகள். வாய்தான் அசைந்ததே தவிர, மனசு எதிலும் ஒட்டவில்லை.

ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முன்னறைக் கட்டிலில் வெல்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலடிச் சத்தத்தில் கண் திறந்தவர், பேச வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்தார்.

பாவம், பெண்டாட்டியிடம் அவ்வளவு பயம்!

“ராவும் பகலும் ஒழைச்சு ஓடாப் போயிட்டேன். கூட வந்து ஒரு கை பிடிச்சா என்னவாம்?”

பாஸ்டரம்மாவுக்குத் திக்கென்றது. எழுந்து உட்காரவே முடியாத மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? கட்டிலருகே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“கடைசி வரைக்கும் கூடவே இருப்பேன்னு சொன்னது யாரு? நானா வந்து கேட்டேன்? இப்ப என்னடான்னா, இருக்கீங்களா இல்லையான்னே தெரியல!”

வெல்டரின் கண்ணோரம் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்தது. பாஸ்டரம்மா கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டார். அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

உள்ளே துணி கசக்கும் சத்தம் நின்றது. அவள் குரலும் உடைந்துபோயிருந்தது.

“போறதுக்கு வேற இடம் இருந்தா என்னிக்கோ போயிருப்பேன். எங்க போவேன்? உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? நாளைக்கு ஒரு நாளாவது...” அப்புறம் தேம்பல்தான் கேட்டது.

பாஸ்டரம்மாவால் பொறுக்க முடியவில்லை. விசுக்கென்று எழுந்தார். “நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், என்ன பேச்சு பேசுறா அவ! படுத்த படுக்கையா கெடக்குற புருஷன்கிட்ட பேசுற பேச்சா இது? இருங்க, நான் உள்ள போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்!”

வெல்டர் பதறிப்போய்க் கையை ஆட்டித் தடுத்தார்.

“மெதுவா பேசுங்க, பாஸ்டரம்மா. அவ ஜெபம் இன்னும் முடியல.”